ஐரோப்பிய வீதிகள் – 14: சுவரெல்லாம் பெயர்கள்

ப்ராக் நகரத்துக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி வருகிறவர்கள் காலையில் சார்லஸ் பாலம், மதியம் பழைய நகரச் சதுக்கம், மாலையில் கோட்டை என்று சுற்றுவார்கள். பாலத்தை அவசியம் பாருங்கள். 1357இல் கட்டத் தொடங்கியது. விடிந்ததுமே போய்விட்டால் இருபுறமும் உள்ள 30 சிலைகளையும் நிதானமாகப் பார்க்கலாம். வெயில் ஏறிவிட்டால் கூட்டத்தில் நகரவே முடியாது.

சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டுக் கடிகாரம். மணிக்கொரு தரம் எலும்புக்கூடு ஒன்று கயிறு இழுத்து மணியடிக்க, அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வரிசையாக வந்து போகிறார்கள். அது முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. பக்கத்திலேயே தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்த கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் 1621 ஜூன் 21 அன்று கொல்லப்பட்ட இடம் அது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் பழைய யூதர் பகுதியான யோசெஃபோவ். ப்ராகில் என் நாளின் பெரும்பகுதி அங்கே, பிங்காஸ் தொழுகைக் கூடத்தில் போனது. நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களைச் சுவர்களில் கையால் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் ஊர், பிறகு சிவப்பில் குடும்பப் பெயர், அதையடுத்து ஆளின் பெயர், பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரியும் தேதி. இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்தால் சில இடங்களில் நான்கு, ஐந்து வயதுதான் வருகிறது. அதற்குமேல் வேகமாகப் படிக்க மனம் வரவில்லை.

இந்தப் பெயர்களை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. வாட்ஸ்லாவ் போஷ்டீக், யிர்ஷி யோன் என்ற இரு ஓவியர்கள் 1950களில் எழுதினார்கள். நிலத்தடி நீரின் ஈரம் ஏறி, 1968இல் கூடத்தை மூடினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்தவரை பழுது வேலை இழுத்துக்கொண்டே போனது, எழுத்துகளும் அழிந்துபோயின. ஆட்சி மாறியபின், 1992 முதல் 1996 வரை, அத்தனை பெயர்களையும் திரும்ப எழுதினார்கள். எந்த அரண்மனையையும்விட இந்த நகரத்தின் பெருமை இதுதான் என்பேன்.

மாடியில் தெரெசீன் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். அங்கே அவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்படுமுன், சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடைத்து அங்கேயே விட்டுச் சென்றார். படங்கள் தப்பின, அவர் தப்பவில்லை.

வெளியே பழைய கல்லறைத் தோட்டம். புதைக்க வேறு நிலம் கிடைக்கவில்லை, பழைய கல்லறையைத் தோண்டவும் மதம் அனுமதிக்காது. அதனால் மேலே மேலே மண் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன.

சனிக்கிழமைகளில் இந்த இடங்கள் திறப்பதில்லை. பயண நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு எனக்கு நேரம் இருக்கவில்லை, அதில் குறையும் இல்லை. மறுநாள் காலை, அந்தப் படங்கள் பிறந்த தெரெசீனுக்கே பஸ் ஏறினேன்.

(தொடரும்)