புதிய மீனுக்கு நான்கு வாரத் தனிமை

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகள் பலர் ஓடுவது வண்ணமீன் கடைக்குத்தான். பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன்களை வாங்கி வந்து, வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் மீன்களோடு விட்டுவிடுகிறோம். ஒரு வாரத்தில் புதியதும் பழையதும் சேர்ந்து செத்து மிதக்கின்றன. பிள்ளை அழுகிறது, நாம் தண்ணீரைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் உண்மைக் காரணம், அந்தப் பையோடு நாமே வீட்டுக்குக் கொண்டுவந்த நோய்தான்.

மார்க்கம் காட்டும் வழி

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை; அதைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். அதேசமயம், பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்குள்ளானதையும் நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். நாம் அடைத்து வளர்க்கும் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம்.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்லக் கூடாது என்ற வழிகாட்டல் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. தொட்டி மீனுக்கு இது இன்னும் பொருந்தும். ஒட்டகமாவது விலகி நடக்கலாம். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும் மீன் எங்கே போகும்?

நோய் ஏன் கடையில் தெரிவதில்லை?

வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். மீனின் தோலில் உப்புத் தூள் போலத் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுண்ணி. அது தோலுக்கடியில் வளர்ந்து, பின்பு உதிர்ந்து அடியில் தங்கி, நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. அந்தக் குஞ்சுகள் நீந்திப்போய் வேறு மீன்களைப் பற்றுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். தொடக்கத்தில், அல்லது செவுளில் மட்டும் ஒட்டியிருக்கும்போது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. மருந்தும் நீந்தும் பருவத்தில் உள்ளவற்றைத்தான் கொல்லும். ஒருமுறை ஊற்றிவிட்டு நிறுத்தினால் நோய் திரும்புவது இதனால்தான்.

என்ன செய்ய வேண்டும்?

சிறிய மீன்களுக்கு 20 முதல் 40 லிட்டர் கொள்ளும் தனித்தொட்டியோ மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ போதும். மணல் வேண்டாம், மறைந்துகொள்ள ஒரு பைப் துண்டு போடலாம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சில வாரங்கள் முன்பே பழைய தொட்டியில் ஓடவிட்டு, பிறகு இதற்கு மாற்றுங்கள். அதில் வளர்ந்த நன்மை தரும் பாக்டீரியாக்கள், மீன் கழிவில் உருவாகும் அம்மோனியாவின் நஞ்சைக் குறைக்கும்.

கடைப் பையை 15 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பையிலுள்ள தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கிய பிறகே ஊற்றுங்கள். உணவு குறைவாகப் போதும்.

வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். முதலில் பழைய தொட்டி வேலை, பிறகே புதியது. முடித்ததும் சோப்பால் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

உடலைப் பொருட்களில் உரசுதல், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளுதல், மேலே வந்து மூச்சு வாங்குதல், உணவை மறுத்தல், வெண்மையான நூல் போன்ற கழிவு ஆகியவை நோயின் அறிகுறிகள். இவை தெரிந்தால் சிகிச்சையும் தனித்தொட்டியிலேயே நடக்கட்டும். குணமான நாளிலிருந்து நான்கு வாரக் கணக்கை மீண்டும் தொடங்க வேண்டும்.

பள்ளிவாசல் ஹவுலில் மீன் விடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆசைக்கு வாங்கிய மீனை நேராக அங்கே விட்டால், பல வருடமாக அங்கு வாழும் மீன்கள் அழிந்துபோகலாம்.

2020ல் நாமும் வீட்டுக்குள் தனித்திருந்தோம். வீட்டிலுள்ள பெரியவர்களைக் காப்பதற்காகப் பொறுத்துக்கொண்டோம். அதே பொறுமையைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு மீனைக் கொண்டும் கற்றுத் தரலாம். நம் பொறுப்பிலுள்ள வாயில்லா ஜீவன்களிடம் இரக்கத்தோடு நடந்துகொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.