பவுசரில் குறைந்த பெற்றோல்

பவுசரில் வந்த பெற்றோல் குறைந்தால் உடனே சாரதியைச் சந்தேகிக்கிறோம். அவசரம் வேண்டாம். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் 1,000 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 1.2 லீற்றர் சுருங்கும். 6,600 லீற்றர் பெற்றோல் நிலத்தடித் தாங்கியில் 5 பாகை குளிர்ந்தால் சுமார் 40 லீற்றர் குறையும். அது களவல்ல.

களவைப் பிடிக்கும் நேரம் வால்வைத் திறக்க முன்புதான். சாரதியை அருகில் வைத்துக்கொண்டு சீல் இலக்கங்களைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பவுசரைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வோர் அறையிலும் அளவுகோல் விட்டுப் பாருங்கள். எடுத்த பெற்றோலுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றுவோரும் உண்டு. அது அடியில் தங்கும். ஆகவே கோலின் நுனியில் நீர் காட்டும் பசை பூசுங்கள். குறைவிருந்தால் அப்போதே எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். தாங்கியில் கலந்த பின் எதையும் நிரூபிக்க இயலாது.

அளவு அமானிதம், சாரதியின் மானமும் அப்படியே.