ஃபிலிமை மிச்சம் பிடித்தார்கள்!

லண்டன் பி.பி.சி.யில் அவர் பெரிய அதிகாரி. இரண்டு டி.வி. சேனல்களின் நிகழ்ச்சிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. அடுத்தது தலைமை நாற்காலிதான் என்று பேச்சு வேறு! பட்ஜெட் மீட்டிங், கமிட்டி மீட்டிங், அடுத்த மீட்டிங்கை எப்போது வைப்பது என்று ஒரு மீட்டிங்... (நம்ம ஆபீஸ் ஞாபகம் வருதா?) 46 வயசில், 1973-ல், 'போதும் சாமி' என்று வெளியே வந்துவிட்டார் டேவிட் அட்டன்பரோ.

காரணம் ஒரு சீரியல். அதிகாரியாக இருந்தபோது, ஐரோப்பியக் கலை வரலாற்றை 13 பகுதிகளாக எடுக்க வைத்தவர் அவர். 1969-ல் வந்து சக்கைப்போடு போட்டது. இதே பாணியில் உயிரினங்களின் கதையைச் சொன்னால்? ஐடியா பிரமாதம். ஆனால், நாற்காலியில் இருந்தால் அதை வேறு யாரிடமாவது தூக்கிக் கொடுக்க வேண்டும். மனசு கேட்குமா?

அப்படிப் பிறந்ததுதான் 'லைஃப் ஆன் எர்த்'. படம் பிடிக்க மட்டும் மூன்று வருஷம், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். ஒரு கண்டத்தில் வாக்கியத்தை ஆரம்பித்து, இன்னொரு கண்டத்தில் முடிப்பார் மனுஷன். எங்கே போனாலும் ஒரே மாதிரி சட்டை, பேன்ட். வெட்டி ஒட்டும்போது ஒத்துப்போக வேண்டுமே!

பொறுமைக்கு ஒரு சாம்பிள். தென் அமெரிக்காவில் டார்வின் தவளை என்று ஒன்று. ஆண் தவளை குஞ்சுகளைத் தன் குரல் பைக்குள் வைத்து வளர்க்கும். குட்டித் தவளையானதும் வாய் வழியாகக் கக்கும். சில விநாடி சமாச்சாரம். அதற்காக ஒரு கேமராமேன் காத்திருந்தது, நூற்றுக்கணக்கான மணி நேரம்!

காத்திருந்து எடுத்தது அது. காத்திருக்காமலே வந்தது இன்னொன்று.

1978 ஜனவரி. ஆப்பிரிக்காவின் ருவாண்டா மலைக்காடு. கொரில்லாக்களோடு பழகி ஆராய்ச்சி செய்துவந்த டயன் ஃபாஸியின் முகாமுக்குப் போகிறது படக்குழு. அங்கே துக்க வீடு. ஃபாஸியின் செல்லமான 'டிஜிட்' என்ற கொரில்லாவைச் சில நாட்களுக்கு முன்தான் வேட்டைக்காரர்கள் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். மனிதனை நம்ப அந்தக் கூட்டத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

கட்டை விரலைப் பற்றிப் பேசத்தான் அட்டன்பரோ போனார். அது மற்ற விரல்களோடு சேர்ந்து இயங்குவதால்தான் பொருளைப் பிடிக்க முடிகிறது என்று கொரில்லாவைக் காட்டி விளக்கத் திட்டம். புதருக்குள் தவழ்ந்து போய் உட்கார்ந்தார். பின்னாலிருந்து வந்தது ஒரு பெண் கொரில்லா. அவர் தலையில் கை வைத்தது. முகத்தை உற்றுப் பார்த்தது. இரண்டு குட்டிகள் அவருடைய ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தன! அவருக்கோ சொர்க்கம்.

கேமரா பக்கம் வேறு கதை. ஃபிலிம் காலம் அது. ஒரு சுருள் பத்துப் பதினோரு நிமிஷம்தான் ஓடும். 'கட்டை விரல் பேச்சுக்கு ஃபிலிம் வேணுமே' என்று டைரக்டர் ஜான் ஸ்பார்க்ஸ் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் போல எடுத்து வைத்ததே, ஊரில் காட்டினால் ரசிப்பார்களே என்றுதான்!

அதோடு முடிந்ததா? திரும்பி வரும் வழியில் ருவாண்டா ராணுவம் துப்பாக்கியால் சுட்டு வண்டியை நிறுத்தி, ஆளைப் பிடித்துச் சோதனை போட்டது. எப்படியோ சுருள்கள் தப்பி ஊர் வந்து சேர்ந்தன.

1979 ஜனவரி 16-ல் ஒளிபரப்பு ஆரம்பம். உலகம் முழுக்க 50 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடுகிறார்கள். யாரைக் கேட்டாலும் அந்தத் தொடரில் ஞாபகம் வைத்திருப்பது, மிச்சம் பிடித்ததுபோக எடுத்த அந்தக் கொஞ்சூண்டு கொரில்லாக் காட்சியைத்தான்.

டயன் ஃபாஸி 1985-ல் அதே மலையில், தன் குடிசையிலேயே கொலை செய்யப்பட்டார். டிஜிட்டின் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். அந்த எரிமலைத் தொடரில் 1980-களின் தொடக்கத்தில் கொரில்லாக்கள் சுமார் 250-தான். இப்போது பக்கத்து உகாண்டா காட்டில் இருப்பவற்றையும் சேர்த்து, மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.