கையில் ஒரு இசைக்கூடம் – 9: கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

ஆறு ட்ராக் வரை ஒழுங்காகப் போன பாட்டு, ஏழாவதாக ஒரு சிந்தசைசரைச் சேர்த்ததும் 'பட் பட்'டென்று பொரியத் தொடங்கும். ஹெட்போனை மாற்றிப் பார்ப்போம், ஜாக்கைத் துடைப்போம், கடைசியில் புது ஐபேட் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் அந்தச் செலவு தேவையே இல்லை.

கரகரப்பில் இரண்டு வகை உண்டு. சத்தம் அளவு மீறி அலையின் உச்சி வெட்டுப்படுவது கிளிப்பிங். ஒலி நேரத்துக்கு வந்து சேராமல் நடுவில் துளை விழுவது இன்னொன்று. இரண்டையும் காதால் பிரிப்பது கடினம். ஆகவே கராஜ்பேண்டிலோ கியூபேசிஸிலோ பாட்டை எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலைத் தனியாகக் கேளுங்கள். அதிலும் கரகரத்தால் அநேகமாகக் கிளிப்பிங்தான். மீட்டரில் சிவப்பைத் தொடும் ட்ராக்கைப் பிடித்துக் குறையுங்கள். ஃபைல் சுத்தமாக இருந்தால் சிக்கல் தாமதத்தில். எக்ஸ்போர்ட் ஆகும்போது ஐபேட் நிதானமாகக் கணக்குப் போடலாம். வாசிக்கும்போது அந்த அவகாசம் கிடையாது.

எவ்வளவுதான் அவகாசம்? ஒலி நொடிக்கு 48,000 சாம்பிள்களாக ஓடுகிறது. ஒரு தவணைக்கு எத்தனை சாம்பிள் என்பதுதான் பஃபர். அது 256 என்றால், 5.3 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடுத்த 256 சாம்பிள்கள் தயாராக இருக்க வேண்டும். அதற்குள் எல்லாச் சிந்தசைசர்களும் ரிவர்புகளும் வேலையை முடித்தாக வேண்டும். பந்தியில் இலை காலியான பிறகு சோறு வந்தால் எப்படியோ, அப்படித்தான்: ஒருமுறை பிந்தினாலும் ஒரு 'பட்'. பஃபரை 1024 ஆக்கினால் அவகாசம் 21 மில்லிசெகண்டாகும், பொரிவது அடங்கும். ஆனால் விரல் கட்டையைத் தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே இழுவை தெரியும். அதனால் வாசித்துப் பதியும்போது 128 அல்லது 256, மிக்ஸிங்குக்கு 1024 என்று மாற்றிக்கொள்வதே சரி. கராஜ்பேண்டில் இந்த எண்ணை நாமே மாற்ற முடியாது; கியூபேசிஸ், ஏயூஎம் போன்றவற்றில் முடியும்.

பஃபரை ஏற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். எந்த ட்ராக் சுமையை ஏற்றுகிறது என்று பாருங்கள். ஒரு 'பேட்' ஒலியை எடுத்துக்கொள்வோம். 120 டெம்போவில், தாளச்சுற்றுக்கு ஒரு கார்டு. அதில் நான்கு சுரங்கள். விரலை எடுத்த பிறகும் ஒலி ஆறு நொடி நீள்கிறது. சுற்று இரண்டே நொடி என்பதால், முந்தைய மூன்று கார்டுகளும் இன்னும் அடங்கவில்லை. நீங்கள் அழுத்துவது நான்கு கட்டைகள், ஐபேட் உருவாக்குவது பதினாறு குரல்கள்! அந்த நீட்சியை, அதாவது ரிலீஸை, மூன்று நொடியாக்கி, ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களின் எண்ணிக்கையான பாலிஃபொனியை எட்டாகக் கட்டுப்படுத்துங்கள். ஒலியின் வால் குட்டையானதை மறைக்க ரிவர்ப் இருக்கிறது. பெரும்பாலான பாட்டில் வித்தியாசமே தெரியாது. ட்ராக்குக்கு ஒரு ரிவர்ப் என்று வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே ரிவர்புக்கு அனுப்புவது அடுத்த பெரிய மிச்சம். முடிந்துபோன ட்ராக்கை ஃப்ரீஸ் செய்து, அதாவது ஆடியோவாக மாற்றி, வைத்துவிடுங்கள்.

சிபியூ மீட்டர் 50 சதவீதம்தானே காட்டுகிறது என்று நம்ப வேண்டாம். அது சராசரி. கார்டு மாறும் அந்த ஒரு கணத்தில் வேலை எகிறுவதுதான் 'பட்'டாகக் கேட்கிறது. சிப்பில் எட்டு கோர் இருந்தாலும், ஒரே ட்ராக்கில் வரிசையாகக் கோத்த எஃபெக்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடியாக வேண்டும்.

மற்றவை சிறியவை. புராஜெக்ட் 44,100, ஹார்ட்வேர் 48,000 என்று முரண்படாமல் ஒரே சாம்பிள் ரேட்டில் வையுங்கள். லோ பவர் மோடை அணையுங்கள். ஐபேடில் விசிறி கிடையாது. சூடேறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜில் போட்டபடி, கெட்டியான உறையோடு, வெயில்படும் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிக்காதீர்கள்.

புளூடூத் ஹெட்போனின் தாமதத்தை மட்டும் எந்த பஃபராலும் தீர்க்க முடியாது. பெரும்பாலானவற்றில் அது 100 மில்லிசெகண்டுக்கு மேல். வாசித்துப் பதிய ஒயர் ஹெட்போன்தான். புது ஐபேடுகளில் அந்த ஜாக்கே இல்லை என்பதால், யூஎஸ்பி-சி அடாப்டரையும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.