சகனும் உணவகமும்

கல்முனை முஸ்லிம்களின் மணவீடுகளிற் சகன் விருந்து நெடுநாளைய வழக்கு. சகனாவது அகன்ற பெருந்தட்டு. நடுவே சோறும் அதன்மேல் இறைச்சியும் கறிகளும் இருக்க, அறுவர் சூழ்ந்தமர்ந்து உண்பர். உடனுண்பார் யாவர் என்பதை வந்த வரிசையே முடிவு செய்யும்.

ஒருமுறை என் சகனில் எதிரே அமர்ந்தவர், ஈராண்டாக என்னோடு பேசாதிருந்த அயலவர். நல்லதோர் இறைச்சித் துண்டை என் பக்கம் ஒதுக்கி, "சாப்பிடுங்க, சேர்" என்றார். பகை அன்றே கரைந்தது.

இன்று உணவகங்களிலும் சகன் விலைக்குக் கிடைக்கின்றது. நண்பரோடு சென்று ஆறுதலாக உண்கின்றோம். சுவையிற் குறையில்லை. ஆயின், அங்கு அறுவரையும் நாமே தெரிந்துகொள்கின்றோம். அமிழ்தமேயாயினும் தனித்துண்ணாதாரைப் போற்றுகின்றது புறநானூற்றின் 182ஆம் பாட்டு. வேண்டியவரோடு மட்டும் உண்பதும் ஒருவகைத் தனித்துண்ணலே அன்றோ!