சைகோன் சுவையும் டாங்ரா மணமும்

பன்றி இறைச்சி உண்ணும் நம் சங்கக் குடும்பங்களுக்காக ஒரு சமையல் குறிப்பு எழுதுகிறேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஊர்விட்டு ஊர் வந்த இரண்டு பெண்களிடம் நான் கற்றது.

ஒருவர் காரைக்காலில் இருந்த என் பெரிய அத்தை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து நம்மவர் பலர் உத்தியோகத்திற்காகச் சைகோன் சென்றார்கள். அத்தை பிறந்ததே அங்கேதான். 1975-ல் சைகோன் வீழ்ந்தபின் ஊர் திரும்பினார். மற்றவர் கொல்கத்தா டாங்ராவில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான சீன அம்மாள். அசாமில் பிறந்தவர். 1962 போரின்போது குடும்பத்தோடு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டு, விடுதலையானபின் இங்கு வந்தவர். இருவருமே கைக்கணக்கில் சமைத்தவர்கள், அளவு எழுதிவைத்ததில்லை.

சைகோனில் நொய்யரிசிச் சோற்றோடு, கரியடுப்பில் சுட்ட பன்றி இறைச்சித் துண்டைப் பரிமாறுவார்கள். விலை மலிந்த நொய் அன்று ஏழைகளின் உணவு. இன்று அதுவே அந்நகரின் பெருமை. இறைச்சிக்கு உயிர் கொடுப்பது ஃபிஷ் சாஸ். நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. கருவாட்டு வாடை வந்தாலும் சூடு பட்டதும் அடங்கிவிடும்.

சீன அம்மாள் சேர்ப்பது சோயா சாஸும் ஐந்து மசாலாப் பொடியும். அதில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு நான்கும் நம் வீட்டுச் சரக்கே! ஐந்தாவதான சீன மிளகு கிடைக்காவிட்டால் நம் மிளகு போதும்.

தேவையானவை: எலும்போடு அரை அங்குல கனத்தில் வெட்டிய துண்டுகள் 4, ஃபிஷ் சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, சோயா சாஸ், எண்ணெய் தலா 1 மேசைக்கரண்டி, ஐந்து மசாலாப் பொடி அரைத் தேக்கரண்டி, பூண்டு 6 பல், சின்ன வெங்காயம் 5, எலுமிச்சைப்புல்லின் வெள்ளைத் தண்டு 2.

செய்முறை: பூண்டு, வெங்காயம், தண்டு மூன்றையும் இடித்து மற்றவற்றோடு கலக்கவும். உப்பு வேண்டாம். கொழுப்போரத்தை இரண்டு மூன்று இடங்களில் கீறிவிட்டால் துண்டு சுருளாது. கலவையைத் தடவி, குளிர்பெட்டியில் குறைந்தது 3 மணி நேரம் ஊறவைக்கவும். தோசைக்கல்லில் மிதமான தீயில், பக்கத்துக்கு 5 நிமிடம் வீதம் வேகவிடவும். தீ கூடினால் சர்க்கரை கருகும், உள்ளே வேகாது.

நாடாப்புழு அச்சம் நியாயமானதே. எலும்போரம் வெட்டிப் பார்த்து, சிவப்பு மறைந்து முழுவதும் வெந்தபின்பே இறக்குங்கள். ஊறவைத்த சாற்றை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

தொட்டுக்கொள்ள: ஃபிஷ் சாஸ், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை தலா 1 பங்கு, வெந்நீர் 3 பங்கு. பூண்டும் மிளகாயும் நறுக்கிப் போடவும். நொய்ச்சோறு, வெள்ளரித் துண்டுகளுடன் பரிமாறலாம். பன்றி உண்ணாதவர்கள் கோழித் தொடையில் செய்யலாம். கூடுதலாகச் சிறிது நேரம் வேக வேண்டும்.

சீன அம்மாள் மறைந்துவிட்டார். பிள்ளைகள் டொரான்டோவில் குடியேறிவிட்டார்கள். சென்ற ஆண்டு அவருடைய பேத்தி, பாட்டியின் கைப்பக்குவத்தை எழுதி அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டது ஒரு தமிழ்க் குடும்பத்தை! அவளுக்காகக் கரண்டி வைத்து அளந்ததுதான் மேலே உள்ள கணக்கு.

நம் பிள்ளைகளும் நாளை எந்த ஊரிலோ இருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் நின்று, அளந்து, எழுதிவையுங்கள்.