இருபத்தெட்டு ரூபாய்ப் படம்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் 'டெக் போடுறாங்க' என்றால் அன்றைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. காதுகுத்து வீட்டிலோ சடங்கு வீட்டிலோ வாடகை டிவியும் கேசட் ஓட்டும் டெக்கும் வந்து இறங்கும். தெருவே பாயோடு வந்துவிடும். பிறகு கேசட் போய் விசிடி வந்தது. ஒரு விசிடியில் சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. நல்ல கட்டத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். தட்டை எடுத்து வேட்டி முனையால் ஒரு துடை துடைத்து மறுபடி போடுவார்கள்.

அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை திருட்டு விசிடி. 2004இல் தமிழக அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்படியும் வியாபாரம் நிற்கவில்லை. முறையான தட்டு விற்ற விலை, கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு வந்தது மோசர் பேர். 1983இல் தீபக் பூரி டெல்லியில் தொடங்கிய நிறுவனம்; பெயர் மட்டும் சுவிட்சர்லாந்துக் கூட்டாளியுடையது. முதலில் நேரப்பதிவுக் கருவி, அப்புறம் ஃபிளாப்பி, 1999 முதல் சிடி. சில ஆண்டுகளில் உலகின் மிகப்பெரிய தட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாகி, வெற்றுத் தட்டுகளைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. 2007இல் அதே தட்டுகளில் படத்தைப் பதித்து விற்க இறங்கியது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். திருட்டுத் தட்டுக்காரருக்கு உரிமைச் செலவு இல்லை. இவர்களோ உரிமையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆனால் தட்டு சொந்த ஆலையில் தயாரானது; லட்சக்கணக்கில் அடித்தால் ஒரு தட்டின் மேல் விழும் உரிமைச் செலவு சில்லறையாகிவிடும். கணக்கு அவ்வளவுதான். தட்டைப் போட்டுப் பார்க்க, 2006இலேயே தமிழக அரசின் இலவச கலர் டிவி வீடு வீடாக வரத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிறுவனம் தமிழில் படமும் எடுத்தது. 2008இல் அது இணைந்து தயாரித்த 'பூ', ச.தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலிருந்து சசி இயக்கியது. நமக்குத் தெற்கே கிடக்கும் கரிசல் மண்ணின் வெயிலும் புழுதியும் அதில் அப்படியே இருக்கின்றன. ஒரு தட்டுக் கம்பெனி நமக்குக் கொடுத்ததில் நான் முதலில் வைப்பது இந்தப் படத்தைத்தான்.

திருட்டு விசிடியை ஒழிப்பதில் சிக்கல் புதுப் படத்தில் இருந்தது. முறையான புதுப் பட டிவிடி லண்டன் ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வழியே வெளிநாட்டுத் தமிழர் கைக்குப் போகும். படம் ஓடிய ஊரில் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் திருடன்தான் கடை போடுவான். மேலூர் பக்கத்துப் பழையூர்ப்பட்டிக்காரரான இயக்குநர் சேரன், 2015 மார்ச்சில் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். துணிச்சலான முயற்சி. ஆனால் அதற்குள் படம் பென்டிரைவுக்கும் கைபேசிக்கும் போய்விட்டிருந்தது.

கடனில் மூழ்கிய மோசர் பேரைக் கலைக்க 2018 செப்டம்பரில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

அந்த 28 ரூபாய்த் தட்டு உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஓடும்போதே கணினியில் ஏற்றிவிடுங்கள். துடைக்கும்போது சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டாம். தடத்தோடு கீறல் விழுந்தால் நீண்ட பகுதி போய்விடும். பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வேட்டி முனை போதும்.